ரைஸ்மில்லுக்கு அடுத்த ஸ்டாப்

ஜனவரி 2, வியாழன்

டைரிக்கு ஓர் அறிமுகம். என் பெயர் இசக்கிப்பிரியா. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. உன்னை ஜவுளிக்கடையில் அம்மாவுக்குச் சும்மா கொடுத்தார்கள். சமையல் குறிப்பு எழுத எடுத்து வைத்திருந்தாள். நான் கடத்திக்கொண்டு வந்துவிட்டேன். சாம்பாரிலிருந்து உன்னைக் காப்பாற்றியவள் என்ற நன்றி இருக்கட்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நல்ல நேரம் போட்டிருக்கிறாய். இன்றைக்குப் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரையாம். அந்த ஒரு மணி நேரமும் எனக்கு வேதியியல். உன் ஜோசியத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. பழைய ஏழாம் நம்பர் டவுன் பஸ், பழைய கண்டக்டர் ஆவுடையப்பன், பழைய ஜெபக்கனி. (ஜெபக்கனி என் பெஞ்சுத் தோழி. பயந்தாங்கொள்ளி. ஆனால் நான் எந்த வம்புக்குப் போனாலும் பயந்துகொண்டே கூட வருவாள். அதுதான் அவளுடைய வீரம்.)

விடுமுறையில் ஒரு கலை கற்றேன். இரண்டு விரலை வாயில் வைத்தால் அசல் கண்டக்டர் விசில். நாளை அரங்கேற்றம்.

அண்ணன் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் தேறிப் பயிற்சிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் மிக்சர் டப்பா முழுவதும் எனக்கே.

ஜனவரி 3, வெள்ளி

அரங்கேற்றம் அமோகம்!

எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு டீச்சர் செல்லக்கிளி தினமும் இதே பஸ்ஸில்தான் வருகிறார். வீடு கரும்பனூரில். கரும்பனூருக்கு இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயர் பிராந்திக்கடை. ஆனால் டீச்சர் அதற்கு முந்தைய ஸ்டாப்பான ரைஸ்மில்லில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் குடையை ஊன்றிக்கொண்டு நடப்பார். முழங்கால் வலியோடு. மழையிலும் அப்படித்தான். நான் வைத்த பெயர் 'வாக்கிங் டீச்சர்'. பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சர்க்கரை நோய் என்கிறாள் ஜெபக்கனி. ரைஸ்மில் முதலாளி டீச்சருக்குக் கைமாற்று தரவேண்டியிருக்கும் என்றேன் நான்.

இன்றைக்கு ரைஸ்மில்லில் பஸ் நின்றது. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுவதற்குள் நான் இரட்டை விசில் கொடுத்தேன். டிரைவர் கிளப்பிவிட்டார். பஸ் பிராந்திக்கடை போய் நின்றது.

"எறங்குங்க டீச்சர், உங்க ஊருதானே?" என்றார் ஆவுடையப்பன்.

டீச்சர் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அடுத்த பம்புசெட் ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார். அது ரைஸ்மில்லைவிடத் தூரம்.

இறங்கும்போது என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

ஜனவரி 6, திங்கள்

துப்பறிந்தோம்! நானும் ஜெபக்கனியும் சாயங்காலம் பிராந்திக்கடையில் இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். பிராந்திக்கடை என்று பெயர்தான், கடையே கிடையாது. அதைத் தூக்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. இப்போது ஓர் ஆட்டோ ஸ்டாண்டு, ஒரு புளியமரம், எறும்பு.

எறும்பு என்னைக் கடித்தபோது டீச்சர் வந்தார். சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. நான் இதுவரை அதைக் கல்லாகவே பார்த்ததில்லை. மூல நோய் சிகிச்சை போஸ்டராகத்தான் பார்த்திருக்கிறேன். டீச்சர் குடை முனையால் போஸ்டரைச் சுரண்டினார். முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். போய்விட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தோம்.

நாயக் சு. வெள்ளத்துரை. 1963 – 1994. தாய்நாட்டுக்காக எல்லையில் உயிர் நீத்தவர். இவண், மனைவி செல்லக்கிளி.

"ஏட்டி, இது டீச்சரோட வீட்டுக்காரருட்டி" என்றாள் ஜெபக்கனி.

எனக்கும் படிக்கத் தெரியும் என்றேன். நாயக் என்றால் பட்டாளத்தில் ஒரு பதவி, அண்ணன் சொல்லியிருக்கிறான். அடுத்த பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. மிச்சமிருந்த மூலத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மதியம் சத்துணவுக் கூடத்தில் முட்டை உரிக்க ஆள் வேண்டும் என்றார்கள். வரலாற்றில் முதல் தடவையாக நான் கை தூக்கினேன்.

"டீச்சர், வெள்ளிக்கெழம விசில் அடிச்சது நான்தான்."

"தெரியும். ஆவுடையப்பன் விசில்ல எச்சி சத்தம் கேக்கும். உன்னது சுத்தமா இருந்துச்சு."

"ஏன் டீச்சர் உங்க ஸ்டாப்புல எறங்க மாட்டேங்கிய?"

மூன்று முட்டை உரித்த பிறகுதான் பதில் வந்தது.

"மொதல்ல அங்க அவுக கல்லு மட்டுந்தான் இருந்துச்சு. கண்டக்டருமாரு எல்லாம் அவுக பேரச் சொல்லித்தான் ஸ்டாப்பக் கூப்புடுவாக. நான் டிக்கெட்டு கேக்கவே வேண்டாம், மொகத்தப் பாத்ததும் குடுத்துருவாக. பொறவு எதுக்க பிராந்திக்கட வந்துச்சு. ஒரு நா, புதுசா வந்த ஒரு கண்டக்டரு, 'பிராந்திக்கட எறங்குறவங்கள்ளாம் வாங்க'ன்னு கத்துனாரு. நான் எந்திரிச்சேன். பஸ்ஸே சிரிச்சுச்சு. திரும்ப உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இருவது வருசமா உக்காந்துட்டேதான் இருக்கேன்."

"அந்தக் கடையத்தான் தூக்கிட்டாகளே டீச்சர்?"

"கடையத் தூக்கிட்டாக. பேர ஆரு தூக்குவா?" சட்டியை என் பக்கம் தள்ளினார். "வார முப்பத்தொண்ணோட எனக்கு ரிட்டயர்டு. பொறவு இந்த பஸ்ஸுல ஏறவே போறதில்ல. ஒரே ஒரு நா அவுக பேரச் சொல்லி எறக்கிவிட்டா எறங்கிருவேன். கெடக்கு. நீ முட்டைய உரி, மஞ்சக்கருவத் திங்காத."

திங்கவில்லை. ஒன்று மட்டும்.

ஜனவரி 8, புதன்

திட்டம் தயார். இருபத்து மூன்று நாளில் ஒரு பெயரை மாற்ற வேண்டும். மனு கொடுத்தால் அது மேஜை மேஜையாக நடந்து, டீச்சரைவிட மெதுவாகத்தான் போய்ச் சேரும். கண்டக்டர் வாயில் பெயர் வந்தால் போதும். வாய்க்கு எதற்கு மனு?

சாயங்காலம் ஆவுடையப்பன் டிக்கெட் மிஷினோடு வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் எங்கே இறங்குகிறோம் என்று சொல்லி டிக்கெட் வாங்கியாக வேண்டும்.

"வெள்ளத்துரை ஒண்ணு" என்றேன்.

"எந்த வெள்ளத்துரை?"

"நாயக் வெள்ளத்துரை."

"ஏ புள்ள, அப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாது. மிஷின்ல இல்லாத ஊருக்கெல்லாம் வண்டி போகாது."

"பிராந்தி இல்லாத பிராந்திக்கடைக்கு மட்டும் போகுமோ?"

ரைஸ்மில்லிலேயே என்னை இறக்கிவிட்டுவிட்டார். எங்கள் ஊர் வேலாயுதபுரம் வரை நாலரைக் கிலோமீட்டர். ஜெபக்கனி தானாகவே கூட இறங்கி, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். இப்போது நாங்களும் வாக்கிங்.

ஜனவரி 9, வியாழன்

மறுபடி கேட்டோம். மறுபடி இறக்கிவிட்டார். செருப்பு அறுந்தது.

ஜனவரி 10, வெள்ளி

இரண்டு பேர் கேட்டால் இறக்கிவிடலாம். இருபது பேர் கேட்டால்? பஸ்ஸே காலியாகிவிடும். ஆனால் இருபது பேரை எப்படிக் கேட்க வைப்பது?

மதியம் குழாயடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கணக்கு மாதிரித் தேர்வை நினைத்து அழுதுகொண்டிருந்தன. என் வாய் சும்மா இருக்குமா?

"அழாதிய. ஒரு விசயம் சொல்லுதேன், வெளிய சொல்லக்கூடாது. வெள்ளத்துரை ஸ்டாப்புன்னு கேட்டு டிக்கெட்டு வாங்கி, அதக் கணக்குப் புக்குல வச்சா பாஸ். எங்க பெரியப்பா மக இப்ப என்ஜினியர்."

எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

ஜனவரி 13, திங்கள்

வெடித்துவிட்டது!!!

வெளியே சொல்லக்கூடாது என்று சொன்னதால் பள்ளிக்கூடம் பூராவும் பரவிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் முப்பது பேர். "வெள்ளத்துரை ஒண்ணு." "வெள்ளத்துரை ரெண்டு." "அண்ணாச்சி, எனக்கும் வெள்ளத்துரை." ஆவுடையப்பன் முகம் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பையன்கள் வேறு! சில்லறையை நீட்டிக்கொண்டு வெள்ளத்துரை கேட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் பிராந்திக்கடை டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்தார்.

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவை பெயர் காதில் விழும்போதும் தலையைத் தூக்கி யார் என்று பார்த்தார். தேடிக்கொண்டே இருந்தார். நான் குனிந்து இல்லாத செருப்பு வாரை மாட்டினேன்.

ரைஸ்மில்லில் இறங்கிவிட்டார், வழக்கம்போல. ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு கிடையாது. ஜெபக்கனிக்கு வாட்சப்பில் வாழ்த்து அனுப்பினேன்.

அண்ணனுக்குப் பயிற்சி முடிந்து வடக்கே அனுப்பிவிட்டார்களாம். ரயிலிலிருந்து பேசினான். "அங்க குளிருமால்ல?" என்று அம்மா பதினாலு தடவை கேட்டாள். என்னிடம் போனைக் கொடுத்தபோது, உன் கட்டிலை நான் எடுத்துக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். சிரித்தான். சிக்னல் போய்விட்டது.

மிக்சர் டப்பா அப்படியே இருக்கிறது. நமுத்துப்போய்விட்டது.

ஜனவரி 20, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம். கல்லில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். சந்தனப் பொட்டு, குங்குமம், அரளி மாலை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. போஸ்டர் ஒட்ட இனி எவனுக்கும் தைரியம் வராது. வெற்றி!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பொட்டு வைத்ததில் 'வெள்ளத்துரை' மறைந்துவிட்டது. 'நாயக்' மட்டும் தெரிகிறது.

ஜனவரி 22, புதன்

டைரியே, கொஞ்சம் கைமீறிவிட்டது.

இன்றைக்குப் பஸ்ஸில் ஏறியதும் ஆவுடையப்பன் தானாகவே கூவினார்: "பட்டாளத்துச்சாமி கோயில் ஆரெல்லாம்? சில்லறையக் கையில வச்சுக்கிடுங்க!"

பட்டாளத்துச்சாமி! பக்கத்து ஊர்ப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் கூடி வர, நிலத் தகராறு தீர, மருமகள் திருந்த. பாஸ் ஆவதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு, மருமகளுக்கெல்லாம் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டு மாசானம் அண்ணாச்சி தகரக் கொட்டகைக்குக் கம்பு நட்டுவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி தை வெள்ளியாம், கிடா வெட்டிப் பொங்கலாம்.

"வெள்ளத்துரைன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன் ஆவுடையப்பனிடம்.

"சாமிய யாராச்சும் பேரு சொல்லிக் கூப்புடுவாகளா? போய் உக்காரு."

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ரைஸ்மில் ஒண்ணு."

ஜெபக்கனி என்னைக் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் எல்லையில் காக்கும் வீரர்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு பெயர்கூட அதில் வரவில்லை. எனக்குத் தெரிந்தே இரண்டு பெயர் இருக்கிறது.

திரும்பும்போது தனியாக அந்த ஸ்டாப்பில் இறங்கினேன். டீச்சர் அங்கே இருந்தார். பக்கத்தில் வாளி, கையில் தேங்காய் நார். கல்லுக்கு முன்னால் வாழை இலையில் சுருட்டு, சுண்டல், பேப்பர் கப்பு, ஒரு குவாட்டர் பிராந்தி பாட்டில். பட்டாளத்துச் சாமிக்குப் பிடிக்கும் என்று யாரோ படைத்திருக்கிறார்கள்.

டீச்சர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக இதத் தொட்டதே இல்ல, பிள்ள. கேன்டீன்ல குடுக்கத மத்தவனுக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு பிஸ்கட்டு வாங்கிட்டு வருவாக. பொட்டி நெறைய பிஸ்கட்டு."

இருபது வருடம் அந்த வார்த்தையை வாயால் சொல்லாமல் இருக்க நடந்தவர். நான் பதினாறே நாளில் அதைப் பாட்டிலோடு கொண்டுவந்து அவர் வீட்டுக்காரர் முன்னால் வைத்துவிட்டேன்.

"நான்தான் டீச்சர்" என்றேன். "சாமின்னு நான் சொல்லல. பாஸ் ஆகும்னுதான் சொன்னேன். பேரு பரவட்டும்னுதான்..."

"பாஸா? எதுல?"

"கணக்குல."

டீச்சர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கணக்குலயா? அவுககிட்டயா? அட பாவி மட்ட!" சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாளியைக் கழுவினேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த வாளி.

ஜனவரி 27, திங்கள்

டீச்சர் வீட்டுக்குப் போனோம்! ஜெபக்கனியும் வந்தாள், பயந்துகொண்டே. கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி. அதற்குள் அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். கணக்கு: பதினேழு. மறுபடி எழுதியதில்: பதினாலு.

"இன்னொரு தடவ எழுதியிருந்தா சைபர் ஆகியிருக்கும்னு அவுகளே சொல்லுவாக."

சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பாட வராது, ஆனால் பாடுவார். கபடியில் மூச்சுப் பிடிக்க மாட்டார், ஆனால் கபடி கபடி என்று கத்துவதில் ஊரிலேயே முதல். நாய்க்குப் பயம். பனியைப் பார்த்துவிட்டு எழுதிய முதல் கடிதத்தில், 'இங்கே தண்ணீரை ஊற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும்' என்று எழுதியிருந்தார். சிறிய எழுத்து, வரி எல்லாம் மேலே ஏறிப் போகிறது.

எதையாவது மறந்து வைத்துவிட்டு வருகிற ஆளாம். சந்தைக்குப் போனால் பையை மறந்துவிடுவார். மாமியார் வீட்டில் சட்டையை மறந்துவிடுவார். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கும் எல்லோரும் மலையிலிருந்து கீழே இறங்கிவிட்டார்கள். வயர்லெஸ் பெட்டி மேலேயே இருந்தது. எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனார். பனி சரிந்துவிட்டது.

"மறந்தது அவுக இல்ல, வேற ஆளு. ஆனா திரும்பிப் போறது அவுக பழக்கம்லா" என்றார் டீச்சர்.

அண்ணன் பயிற்சிக்குக் கிளம்பியபோது போன் சார்ஜரை மறந்து வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, விலாசம் எழுதி வைத்தேன். நாளைக்கு முதல் வேலை தபாலாபீஸ். அதை எடுக்க அவன் எதற்குத் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும்? சும்மா அலைச்சல்.

ஜனவரி 28, செவ்வாய்

என் மூளையே, உனக்கு ஒரு முத்தம்.

டீச்சரிடம் கேட்டுவிட்டு மார்க் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, கல்லுக்குப் பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டினோம். மேலே சிவப்பு எழுத்தில்: 'நாயக் வெள்ளத்துரை, கணக்கு 17/100. சாமி இல்லை. மனிதர். நல்ல மனிதர். கணக்கை நீங்களே போடவும்.' கீழே அவர் பாடியது, கத்தியது, நாய்க்குப் பயந்தது, திரும்பிப் போனது எல்லாவற்றையும் எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் கலவரம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கதறியது: "யக்கா, நான் பத்து டிக்கெட்ட கணக்குப் புக்குல வச்சிருக்கேனே! எனக்கும் பதினேழுதான் வருமா?"

"சீக்கிரம் எடுத்துரு. எடுத்துட்டு அந்த எடத்துல கணக்கு போட்டுப் பாரு."

எலுமிச்சம்பழப் பெண்கள் படித்துப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார்: "பாவம், நம்ம வீட்டு ஆளு மாரியே இருக்காரே." பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஊறுகாய்க்கு ஆகும்.

ஆவுடையப்பன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பஸ்ஸே காத்துக்கொண்டு நின்றது.

"பதினேழா? நான் இருவத்தொண்ணு" என்றார். ஏறிக்கொண்டார்.

ஜனவரி 29, புதன்

மாசானம் அண்ணாச்சி மட்டும் மசியவில்லை. "படிக்காத சாமிக்குத்தான் பவரு ஜாஸ்தி. நோட்டீசு அடிச்சாச்சு. கெடாயும் வந்தாச்சு. நீ சின்னப்பிள்ள, அந்தால போ." கிடா உண்மையிலேயே புளியமரத்தில் கட்டியிருந்தது. என் பாவாடை நாடாவை மென்றுகொண்டிருந்தது.

அப்போது ரைஸ்மில் பக்கமிருந்து குடை வந்தது. டீச்சர்.

"மாசானம், இங்க இருக்கது சாமிதான்னு உறுதியாச் சொல்லுதியா?"

"சத்தியமா சாமிதான்க்கா. துடியான சாமி."

"அப்ப சாமிக்குப் பொண்டாட்டி ஆரு?"

அண்ணாச்சி விழித்தார்.

"நான்தானே? அவுக சாமின்னா நான் அம்மன். அம்மன் இப்ப உத்தரவு போடுதேன், கேட்டுக்க. கொட்டகையப் பிரி. சுருட்டு, குவாட்டரு ஒண்ணும் இங்க வரக்கூடாது. மீறுனா அம்மனுக்குக் கோவம் வரும். குடையால வரும்."

ஆட்டோ ஸ்டாண்டே கொல்லென்று சிரித்தது. மாசானம் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டார். உண்மையிலேயே கட்டிக்கொண்டார்!

"அப்ப கெடாக்கா?"

"அது பொழச்சுப் போவட்டும்."

கொட்டகைக் கம்பைப் பிடுங்க நானும் கைகொடுத்தேன். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. பேனா பிடிக்க எரிகிறது. இருந்தாலும் இதை இன்றைக்கே எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஜனவரி 30, வியாழன்

ஆவுடையப்பனிடம் கடைசிப் பேச்சுவார்த்தை. பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணாச்சி. பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

"மிஷினு கவர்மெண்டோடது" என்றார். டீயை முடித்தார். "வாயி என்னோடது. கூப்புடுதேன். ஆனா ஒண்ணு. அவுக வாயத் தொறந்து கேக்கணும். வெள்ளத்துரை ஒண்ணுன்னு கேட்டா டிக்கெட்டு. கேக்காம நானா எறக்கிவிட்டா, அது நான் போட்ட பிச்சை மாரி ஆயிரும்."

"கேக்காம இருப்பாங்களா? இருவது வருசமா இதுக்குத்தானே!"

ஓடிப்போய் ஜெபக்கனியிடம் சொன்னேன். இருவரும் குதித்தோம். அவள்கூடப் பயப்படாமல் குதித்தாள்.

ஜனவரி 31, வெள்ளி

மதியம் டீச்சருக்கு வழியனுப்பு விழா. சுவர்க் கடிகாரம், சால்வை. பிள்ளைகளுக்கு அவர் கடைசியாகப் போட்டது சாம்பார் சாதமும் முட்டையும். என் தட்டில் இரண்டு மஞ்சள் கரு விழுந்தன. நான் கேட்கவில்லை.

சாயங்காலப் பஸ்ஸில் நிற்க இடமில்லை. விஷயம் தெரிந்து, வழக்கமாக இந்தப் பஸ்ஸில் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். டீச்சருக்கு ஜன்னலோரம் இடம். மடியில் கடிகாரப் பெட்டி. நானும் ஜெபக்கனியும் பின் சீட்டில் ஏறி நின்றோம்.

ஆவுடையப்பன் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டுக் கடைசியாக டீச்சரிடம் வந்தார். மிஷினைத் தட்டி, தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், எங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

டீச்சர் மறுபடி வாயைத் திறந்தார். உதடு மட்டும் அசைந்தது. முகம் சிவந்தது. அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி உறைத்தது. ஒரு மாதமாக எனக்கு எத்தனை கதை சொன்னார். ஒரு தடவைகூட அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவுக, அவுக, அவுக. கட்டினவர் பெயரைச் சொல்லாத காலத்து மனுஷி! ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சொல்லவே முடியாத ஒரே ஒருவரை மறந்துவிட்டேன்.

"ஏட்டி, நீ கேளுட்டி, டீச்சருக்குப் பதிலா" என்று ஜெபக்கனி முதுகில் குத்தினாள். நான் வாயைத் திறந்தேன். ஆவுடையப்பன் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

தூரத்தில் ரைஸ்மில் புகைக்கூண்டு தெரிந்தது. ஆவுடையப்பன் அசையாமல் நின்றார். டிரைவர்கூட வேகத்தைக் குறைத்துவிட்டார். டீச்சரின் விரல்கள் கடிகாரப் பெட்டியில் தாளம் போட்டன. ரைஸ்மில்லில் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். டீச்சர் குடையைக் கையில் எடுத்தார்.

அவர் எழவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"எங்க வீட்டுக்காரவுக ஸ்டாப்பு ஒண்ணு."

ஆவுடையப்பன் டிக்கெட்டை அடித்து இரண்டு கையாலும் நீட்டினார். பஸ்ஸில் யாரோ விசும்பினார்கள். நான் இல்லை. ஜெபக்கனியாக இருக்கும். நானும் கொஞ்சம்.

பஸ் புளியமரத்தடியில் நின்றது. ஆவுடையப்பன் முதலில் கீழே குதித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார்:

"நாயக் வெள்ளத்துரை! நாயக் வெள்ளத்துரை எறங்குறவுகள்ளாம் வாங்க!"

இறங்க வேண்டாதவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். எழுந்து வழிவிட்டு நின்றார்கள். டீச்சர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று, முகமெல்லாம் வெட்கமாக, கண்டக்டரைப் பார்த்தார்.

"இம்புட்டுச் சத்தமாவா கூப்புடுவிய? அவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிக் கேட்கிற குரலில், இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"வெள்ளத்துரை..."

டீச்சர் தரையில் கால் வைத்தார்.